டெர்பினாஃபின் கொடுத்த ஈஸ்டில் ஸ்குவாலீன் எங்கே போய் உட்காருகிறது?

#1 வெண்படலம்

முதுகலைத் திட்டப்பணிக்காக ஈஸ்ட் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கொடுத்தால், ஸ்குவாலீன் என்ற எண்ணெயை எபாக்சைடாக மாற்றும் எர்க்1 நொதி முடங்கும். ஈஸ்டுக்குக் கொலஸ்டிரால் மாதிரியான எர்கோஸ்டெராலைச் செய்யும் பாதை அந்த இடத்தில் அடைபடும், அடைப்புக்கு முன்னால் ஸ்குவாலீன் தேங்கும். இதுவரை பாடப்புத்தகம். தேங்கியதெல்லாம் செல் எண்ணெயைச் சேமிக்கும் கொழுப்புத்துளிகளுக்குள் போய்ச் சேரும், துளிகள் பருத்துத் தெரியும் என்று நம்பி நைல் ரெட் சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்தேன்.

பார்த்தால் மருந்து கொடுத்த செல்லும் கொடுக்காத செல்லும் ஒரே மாதிரி. புள்ளிகளே பிரிந்து தெரியவில்லை. செல் முழுக்கச் சிவப்பு, ஓரத்தில் கொஞ்சம் அடர்த்தி. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் இதே.

இரண்டு கேள்விகள். என் சாயத்தில் கோளாறா? அப்புறம், ஸ்குவாலீன் உண்மையிலேயே இருக்கிற துளிக்குள் போகிறதா, இல்லை தானே தனித் துளியாகத் திரளுமா? வழிகாட்டி விடுப்பில் இருக்கிறார், அதனால் இங்கே கேட்கிறேன்.

#2 மேசைவிளக்கு

எந்த வடிகட்டியில் பார்த்தீர்கள்? சிவப்பா, மஞ்சளா?

#3 வெண்படலம்

சிவப்பு. பெயரே நைல் ரெட் ஆயிற்றே.

#4 மேசைவிளக்கு

அதேதான். நானும் விழுந்து எழுந்த குழி.

நைல் ரெட் தான் இருக்கும் சூழலுக்கேற்ப நிறம் மாறும் சாயம். பாஸ்போலிப்பிடு சவ்வில் உட்கார்ந்தால் சிவப்பாக ஒளிரும். ட்ரைகிளிசரைடு மாதிரி மின்சுமையில்லாத எண்ணெய்க்குள் உட்கார்ந்தால் பொன்மஞ்சளாக ஒளிரும். சிவப்பு வடிகட்டியில் நீங்கள் பார்த்தது செல்லில் இருக்கும் அத்தனை சவ்வையும். அதில் நாலைந்து துளிகள் எங்கே தெரியப்போகின்றன? நீல ஒளியால் தூண்டி, மஞ்சள் பக்கத்து வடிகட்டியில் பாருங்கள். துளிகளுக்கான பாடிபை 493/503 சாயம் கிடைத்தால் இன்னும் நல்லது. பச்சைப் புள்ளிகள் பளிச்சென்று விழும்.

இன்னொன்று. லென்ஸுக்கு வைக்கும் எண்ணெய் மூடுகண்ணாடிக்கு அடியில் கசிந்திருந்தால் அதுவும் சாயத்தை இழுக்கும். ஒருமுறை அப்படிக் கசிந்த எண்ணெய்க் குமிழிகளையே "மிகப்பெரிய கொழுப்புத்துளிகள்" என்று படம் எடுத்துக் கூட்டத்தில் காட்டியிருக்கிறேன். பக்கத்திலிருந்தவர் மெதுவாக, "இது செல்லுக்கு வெளியே இருக்கிறதே" என்றார்.

#5 பழையகுடுவை

சாயக் கதையை மேசைவிளக்கு முடித்துவிட்டார். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அதுதான் சுவாரசியமானது.

முதலில் துளி எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். ட்ரைகிளிசரைடு தயாராகும் இடம், செல்லுக்குள் பரவிக் கிடக்கும் எண்டோபிளாஸ்ம வலையின் சவ்வு. அந்தச் சவ்வு இரட்டைப் படலம். செய்த எண்ணெய்க்குத் தண்ணீர்ப் பக்கம் போக வழியில்லை, அதனால் இரண்டு படலத்துக்கும் நடுவிலேயே கிடக்கும். நூறு மூலக்கூறுக்கு மூன்று வரை சவ்வு பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் சேர்ந்தால் எண்ணெய் தன்னைத் தானே ஒதுக்கிக்கொண்டு நடுவில் ஒரு சிறிய வில்லையாகத் திரளும். அந்த வில்லை சைட்டோபிளாசப் பக்கம் உப்பி மொட்டு விடுகிறது. மொட்டின் கழுத்தில் செய்பின் என்ற புரதம் வளையமாக நின்று காவல் காக்கிறது. மனிதரில் அந்த வளையம் 11 அலகுகளால் ஆனது.

கவனித்தீர்களா, வெளியே வரும்போது சவ்வின் ஒரு படலத்தை மட்டும் போர்த்திக்கொண்டு வருகிறது. மற்ற செல் உறுப்புகளுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். அதனால் இரட்டைப் படலம் தேவை. துளிக்கு உள்ளே எண்ணெய், எனவே ஒற்றைப் படலம் போதும்.

இப்போது உங்கள் கேள்வி. ஈஸ்டில் நடுநிலைக் கொழுப்பு செய்யும் நொதிகள் நான்கு. டிஜிஏ1, எல்ஆர்ஓ1 இரண்டும் ட்ரைகிளிசரைடு செய்பவை. ஏஆர்ஈ1, ஏஆர்ஈ2 இரண்டும் எர்கோஸ்டெரால் மாதிரியான ஸ்டெராலுக்குக் கொழுப்பு அமில வாலை ஒட்டி ஸ்டெரைல் எஸ்டர் செய்பவை. நான்கு மரபணுவையும் நீக்கினால் துளியே இல்லாத ஈஸ்ட் கிடைக்கும். உயிரோடுதான் இருக்கும். அந்த ஈஸ்டில், எர்கோஸ்டெரால் பாதைக்குத் தேவையான ஹீம் என்ற இரும்புச் சேர்மத்தின் உற்பத்தியையும் நிறுத்தி ஸ்குவாலீனைத் தேங்க வைத்து 2010இல் பார்த்திருக்கிறார்கள். துளி உள்ள செல்லில் சேர்ந்த அளவுக்கே ஸ்குவாலீன் சேர்ந்தது, ஆனால் ஒரு துளிகூட உருவாகவில்லை. எண்டோபிளாஸ்ம வலையிலும் செல்லின் வெளிச்சவ்விலும் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆக, கட்டிய வீடு இருந்தால் ஸ்குவாலீன் குடிபுகும், தானாக வீடு கட்டாது.

#6 வெண்படலம்

நன்றி சார். ஆனால் ஸ்குவாலீனும் எண்ணெய்தானே. ஆக்சிஜனே இல்லாத சுத்த ஹைட்ரோகார்பன், ட்ரைகிளிசரைடை விடத் தண்ணீருக்குப் பகை. அது ஏன் முதலில் பிரிந்து திரளக்கூடாது?

#7 இரட்டைப்படலம்

தண்ணீருக்கு எவ்வளவு பகை என்பதைப் பார்க்காதீர்கள். சவ்வுக்குள் எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

ட்ரைகிளிசரைடு மூன்று வால் கொண்ட தடித்த மூலக்கூறு. சவ்வுக்குள் நுழைந்தால் கிளிசரால் பகுதி தண்ணீர்ப் பக்கம் எட்டிப் பார்க்க விரும்பும், மூன்று வாலும் உள்ளே இடம் கேட்கும். அங்கே அதற்கு நெருக்கடிதான், அதனால் கொஞ்சம் சேர்ந்ததுமே வெளியேறிவிடுகிறது. ஸ்குவாலீன் 30 கார்பன் கொண்ட ஒல்லியான சங்கிலி. தலை என்று ஒன்று இல்லை, எனவே எதையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. இரண்டு படலத்தின் வால்களும் சந்திக்கும் நடுக்கோட்டில், கால் நீட்டி, சவ்வுக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும். அங்கே இடம் இருக்கிறவரை அதற்கு அவசரமில்லை.

துளி ஏற்கெனவே இருந்தால் கதை வேறு. ட்ரைகிளிசரைடு எண்ணெய்க்குள் கரைவது சவ்வுக்குள் நெருக்கிப் படுப்பதை விடச் சுகம்.

#8 வாசகன்42

நான் உயிரியல் படித்தவன் இல்லை, கணினி வேலை. இழை நன்றாகப் போகிறது என்று படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம். நான்கு மரபணுவை எடுத்தாலும் செல் வாழ்கிறது என்றால், துளி என்பது பரண் மாதிரிதானே? வேண்டாத சாமானைப் போட்டு வைக்கிற இடம். இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

#9 கூட்டல்கழித்தல்

பரணில் என்ன கிடக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காகிதத்தில் போட்டது, தவறு இருந்தால் சொல்லுங்கள்.

1 மைக்ரான் விட்டமுள்ள துளி. கன அளவு சுமார் 0.52 கன மைக்ரான். எண்ணெய் அடர்த்தி 0.92 என்று வைத்தால் எடை ஏறத்தாழ 0.48 பிகோகிராம். ட்ரைஒலீனின் மூலக்கூறு எடை 885. வகுத்தால் சுமார் 33 கோடி ட்ரைகிளிசரைடு மூலக்கூறுகள்.

மேல்பரப்பு 3.14 சதுர மைக்ரான். ஒரு பாஸ்போலிப்பிடுக்கு 0.7 சதுர நானோமீட்டர் என்றால் சுற்றிப் போர்த்தத் தேவை சுமார் 45 லட்சம். 33 கோடி சரக்குக்கு 45 லட்சம் போர்வை. ஒன்றுக்கு 73. விட்டம் பத்தில் ஒன்றாகி 0.1 மைக்ரான் ஆனால் விகிதமும் பத்தில் ஒன்று, அதாவது ஏழுதான். பெரிய துளி சிக்கனம், சின்னத் துளி செலவு. மனிதக் கொழுப்புச் செல்லில் துளி 100 மைக்ரான் வரை போகும் என்கிறார்கள். அங்கே ஒரு போர்வைக்கு 7,000க்கு மேல் சரக்கு.

இப்போது பரண் விஷயம். ட்ரைகிளிசரைடின் மூன்று வாலில் ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் தலை ஒன்றை ஒட்டினால் பாஸ்போலிப்பிடு. ஈஸ்டின் துளி சின்னது, 0.4 மைக்ரான் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் சுமார் 2.1 கோடி ட்ரைகிளிசரைடு இருக்கும். எல்லாவற்றையும் மாற்றி இரட்டைப் படலமாக விரித்தால் 7.4 சதுர மைக்ரான். 5 மைக்ரான் விட்டமுள்ள ஈஸ்ட் செல்லின் வெளிச்சவ்வு முழுவதும் 78 சதுர மைக்ரான்.

அதாவது பத்துத் துளி இருந்தால் புதிதாக ஒரு செல்லுக்கு மேல்தோல் போர்த்தலாம். ஸ்டெராலையும் புரதங்களையும் கணக்கில் சேர்க்கவில்லை, தோராயம்தான். ஆனால் வேண்டாத சாமான் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

#10 பழையகுடுவை

அருமையான கணக்கு. செல்லும் அதையேதான் செய்கிறது. சத்துத் தீர்ந்து வளர்ச்சி நின்ற ஈஸ்டைப் புதிய ஊடகத்தில் போடுங்கள். முதல் சில மணி நேரத்தில் துளிகள் கரையும், அதே நேரத்தில் மொட்டு விட ஆரம்பிக்கும். ட்ரைகிளிசரைடை உடைக்கும் டிஜிஎல்3, டிஜிஎல்4 நொதிகள் இல்லாத செல் இந்த இடத்தில் தாமதிக்கும். இதில் டிஜிஎல்4ஐ முடுக்கிவிடுவது செல் பிரிதலை நடத்தும் அதே சிடிகே1தான் என்று 2009இல் தெரிந்தது. பிரியப் போகிறாயா, சரி, கிடங்கைத் திற என்று ஒரே கை இரண்டையும் இயக்குகிறது.

#11 ஈரல்பார்வை

நோய்க்குறியியல் படித்தவள், ஈஸ்ட் எனக்குத் தெரியாது. "துளி இல்லாமலும் வாழ்கிறது" என்ற வரியைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

செய்பின் மரபணு இரண்டு படியிலும் பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. பெரார்டினெல்லி-செய்ப் நோய் என்று பெயர். செய்பின் என்ற பெயரே செய்ப் என்ற அந்த மருத்துவரிடமிருந்து வந்தது. இந்தக் குழந்தைகளுக்குக் கொழுப்புத் திசு கிட்டத்தட்ட இருக்காது. தோலுக்கடியில் தசையும் ரத்தக்குழாயும் வரிவரியாகத் தெரியும். கொழுப்பே இல்லாத உடம்பு ஆரோக்கியமாக இருக்கும் என்று வெளியாள் நினைப்பார். நடப்பது நேரெதிர். சாப்பாட்டிலிருந்து வந்த கொழுப்புக்கு உரிய இடத்தில் இடமில்லை, அதனால் ஈரலில் போய் அடைகிறது, தசையில் அடைகிறது. ஈரல் வீங்கும், இன்சுலின் வேலை செய்யாது, இளவயதிலேயே சர்க்கரை நோய் வரும், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு எகிறும்.

இடிக்கிற இடம் கொழுப்பு அல்ல, கொழுப்புக்கு இடம் இல்லாமை.

#12 மேசைவிளக்கு

ஈரல்பார்வை அக்கா சொன்னதைத் தட்டில் வைத்தே பார்க்கலாம். வெள்ளெலிச் செல்களுக்குப் பால்மிடிக் அமிலம் மட்டும் கொடுத்தால் செத்துப்போகும். ஒலீயிக் அமிலம் சேர்த்துக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். காரணம், ஒலீயிக் இருந்தால் இரண்டும் சேர்ந்து ட்ரைகிளிசரைடாகித் துளிக்குள் போகிறது. பால்மிடிக் தனியாகத் துளிக்குள் அவ்வளவாகப் போவதில்லை. 2003இல் வந்த வேலை. அதிலேயே இன்னொரு துருப்பு, ட்ரைகிளிசரைடு செய்ய முடியாத செல்லுக்கு அந்தச் சாதுவான ஒலீயிக் அமிலமே நஞ்சாகிவிடுகிறது.

நம் நான்கு மரபணு இல்லாத ஈஸ்டும் அப்படித்தான். சாதாரண ஊடகத்தில் வளரும், ஒலீயிக் அமிலம் ஊற்றினால் படுத்துவிடும். வாழ்கிறது என்பதை யாரும் தொல்லை கொடுக்காதவரை வாழ்கிறது என்று படிக்க வேண்டும்.

அப்புறம் பழையகுடுவை சார், ஒரு திருத்தம். 2010 வேலையை மட்டும் சொன்னால் ஸ்குவாலீன் எங்கே இருந்தாலும் கெடுதல் இல்லை என்று வெண்படலம் எடுத்துக்கொள்வார். துளியில்லாத ஈஸ்டில் ஸ்குவாலீன் நஞ்சுதான் என்று 2016இல் வேறு குழு எழுதியிருக்கிறது. அவர்கள் பயன்படுத்தியது இவர் பயன்படுத்தும் அதே டெர்பினாஃபின்.

#13 பழையகுடுவை

அந்தக் கட்டுரை தெரியும். வேண்டுமென்றேதான் விட்டேன், இப்போது வசமாக மாட்டிக்கொண்டேன்.

என் தயக்கம் இதுதான். டெர்பினாஃபின் ஒரே அடியில் இரண்டு காரியம் செய்யும். அடைப்புக்கு முன்னால் ஸ்குவாலீன் கூடும், அடைப்புக்குப் பின்னால் எர்கோஸ்டெரால் குறையும். செல் தளர்ந்தால் எது காரணம்? துளியில்லாத வகைக்கு டெர்பினாஃபின் என்றாலே கூடுதல் கூச்சம் என்பதும் பழைய செய்தி. அதில் எர்க்1 நொதியின் அளவே குறைவு, அதனால் கொஞ்சம் மருந்திலேயே பாதை அடைபட்டுவிடும். ஹீம் இல்லாத செல்லிலோ எர்கோஸ்டெராலை நாமே வெளியிலிருந்து ஊட்டுகிறோம். அங்கே பற்றாக்குறை என்ற குழப்பம் வருவதில்லை. அதனால் நான் 2010 பக்கம் சாய்கிறேன்.

#14 மேசைவிளக்கு

சாயலாம், ஆனால் ஹீம் இல்லாத செல்லும் சாதாரணச் செல் அல்ல. அதற்கு ஒலீயிக் அமிலமும் எர்கோஸ்டெராலும் நாம் ஊட்டுகிறோம், சவ்வின் சேர்க்கையே வேறாகிவிடுகிறது. ஒரு சவ்வு தாங்கியதை இன்னொரு சவ்வும் தாங்கும் என்று எப்படிச் சொல்வது? இரண்டு முடிவும் அவரவர் செல்லில் சரியாக இருக்கலாம்.

#15 இரட்டைப்படலம்

மேசைவிளக்கு சொல்வதுதான் எனக்கும் படுகிறது. ஸ்குவாலீன் நடுக்கோட்டில் படுக்கும் என்றேனே, அதனால் சவ்வின் நெகிழ்ச்சி மாறும். எந்தப் பக்கம் மாறும் என்பது அந்தச் சவ்வில் ஏற்கெனவே எவ்வளவு ஸ்டெரால், எந்த வால் என்பதைப் பொறுத்தது. "ஸ்குவாலீன் நஞ்சா?" என்ற கேள்விக்கே சவ்வின் பெயரைச் சொல்லாமல் பதில் இல்லை.

#16 மட்டுறுத்துநர்

எடை குறைப்புப் பானம் பற்றிய மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. இழையின் தலைப்பை ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள்.

#17 வெண்படலம்

மஞ்சள் வடிகட்டியில் பார்த்துவிட்டேன்! கொடுக்காத செல்லில் ஓரமாக நாலைந்து புள்ளிகள், ஒவ்வொன்றும் குண்டூசித் தலையால் தொட்டு வைத்தது போல. கொடுத்த செல்லில் புள்ளிகள் கொஞ்சம் பெரியவை மாதிரி தெரிகின்றன, ஆனால் கண்ணளவு, நம்பவில்லை.

ஒரு கேள்வி. அடைப்பு எர்க்1இல் இல்லாமல் இன்னும் கீழே விழுந்தால் லானோஸ்டெரால், சைமோஸ்டெரால் மாதிரி இடைப்பொருட்கள் தேங்கும் அல்லவா. அவையும் ஸ்குவாலீன் மாதிரி அப்படியே துளிக்குள் கரையுமா?

#18 இரட்டைப்படலம்

இல்லை, ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. ஸ்குவாலீனில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எர்க்1 ஆக்சிஜனை ஏற்றி, எர்க்7 வளையங்களை மூடி லானோஸ்டெரால் ஆக்கியதும் மூன்றாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் வந்துவிடுகிறது. அது வந்ததும் மூலக்கூறுக்குத் தலை முளைத்த மாதிரி. இனி அது சவ்வில் நிமிர்ந்து நிற்கும், சவ்வின் குணத்தை மாற்றும். அரைகுறை ஸ்டெரால் நிறைய நின்றால் சவ்வு சொன்னபடி கேட்காது.

எனவே செல் அந்த ஹைட்ராக்சிலுக்கு ஒரு மூடி போடுகிறது. கொழுப்பு அமில வாலை ஒட்டினால் ஸ்டெரைல் எஸ்டர். தலை போயிற்று, சவ்வில் நிற்க முடியாது, துளிக்குள் போய்விடும். இதில் ஏஆர்ஈ2க்கு முடிந்த எர்கோஸ்டெரால் மேல் விருப்பம். ஏஆர்ஈ1க்கு லானோஸ்டெரால் மாதிரி இடைப்பொருட்கள் மேல் சாய்வு. ஈஸ்டின் ஸ்டெரைல் எஸ்டரைப் பிரித்துப் பார்த்தால் சைமோஸ்டெரால், ஃபெகோஸ்டெரால், எபிஸ்டெரால் என்று பாதி வழியில் நின்றவர்கள் எல்லாரும் இருப்பார்கள். வெளிச்சவ்விலோ பெரும்பாலும் எர்கோஸ்டெரால் மட்டும். தரம் பார்த்து வாசலில் நிறுத்துவது போல. பிறகு தேவைப்பட்டால் டிஜிஎல்1, ஒய்ஈஎச்1, ஒய்ஈஎச்2 நொதிகள் மூடியைக் கழற்றும், பாதை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று. ஈஸ்டின் துளிக்குள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடப்பதில்லை. நடுவில் ட்ரைகிளிசரைடு எண்ணெயாக இருக்கும். அதைச் சுற்றி ஸ்டெரைல் எஸ்டர் வெங்காயச் சருகு போல் ஒழுங்கான அடுக்குகளாகப் போர்த்தியிருக்கும் என்று 2008இல் அளந்து காட்டினார்கள்.

#19 ஈரல்பார்வை

அந்த மூடி போடும் வேலைக்கு மனிதரில் ஏசிஏடி1. மருத்துவத்தில் இதை வைத்து ஒரு பெரிய பாடம் படித்திருக்கிறோம்.

ரத்தக்குழாய் அடைப்பின் ஆரம்பத்தில் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கொலஸ்டிராலை விழுங்கி, எஸ்டராக்கித் துளிகளில் நிரப்பிக்கொள்ளும். வெட்டிய திசுவில் பார்த்தால் செல் நுரை தள்ளியது போலிருக்கும், அதனால் நுரைச் செல் என்று பெயர். திசுவை ஆல்கஹாலில் தோய்த்து எடுக்கும்போது கொழுப்பு கரைந்து ஓடிவிடும், வெற்று ஓட்டைகள்தான் நமக்கு மிஞ்சும். துளியைப் பார்க்க வேண்டுமானால் திசுவை உறையவைத்து வெட்டி ஆயில் ரெட் ஓ போட வேண்டும்.

துளிதான் குற்றவாளி, ஏசிஏடி1ஐ நிறுத்தினால் நுரைச் செல் வராது, அடைப்பும் குறையும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. 2001இல் மேக்ரோஃபேஜில் மட்டும் ஏசிஏடி1 இல்லாத எலிகளை வைத்துப் பார்த்தார்கள். அடைப்பு கூடியது. மூடி போடாத கொலஸ்டிரால் செல்லைக் கொன்றது, செத்த செல்லின் குப்பை அங்கேயே தங்கியது. ஏசிஏடியைத் தடுக்கும் மருந்துகள் மனிதரிடமும் எதிர்பார்த்த பலன் தரவில்லை.

#20 வாசகன்42

சரி, பரண் என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் மேலே ஒருவர் துளியில்லாத ஈஸ்டில் எர்க்1 நொதியே குறைவு என்றார். கிடங்கை இடித்தால் தொழிற்சாலை இயந்திரம் ஏன் குறைய வேண்டும்?

#21 பழையகுடுவை

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். எர்க்1 இரண்டு இடத்தில் இருக்கும், எண்டோபிளாஸ்ம வலையிலும் துளியின் மேலும். வலையில் இருப்பது வேலை செய்யும். துளியின் மேல் இருப்பது சும்மா இருக்கும், ஏனென்றால் அதற்கு எலக்ட்ரான் கொடுக்கும் துணை நொதி துளியில் இல்லை. அதாவது துளி சரக்கை மட்டும் அல்ல, இயந்திரத்தையும் ஓரங்கட்டி வைக்கிறது. துளியே இல்லாத செல்லில் எர்க்1க்கு ஒதுங்க இடமில்லை, புரதம் நிலையாக நிற்பதும் இல்லை. எர்க்6, எர்க்7 நொதிகளும் துளியின் மேல் குடியிருப்பவை. எர்க்6ஐ ஒளிரும் புரதத்தோடு இணைத்துத் துளியை அடையாளம் காட்டவே பலர் பயன்படுத்துகிறார்கள். வெண்படலம், சாயத்தில் நம்பிக்கை போனால் அதை முயலலாம்.

பழ ஈயின் கருமுட்டையில் துளியின் மேல் ஹிஸ்டோன் ஒட்டிக்கொண்டிருந்ததை 2006இல் கண்டபோது நான் நம்பவே இல்லை. டிஎன்ஏ சுற்றும் புரதத்துக்குக் கொழுப்பில் என்ன வேலை? கலப்படம் என்றே நினைத்தேன். கலப்படம் இல்லை என்று பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

என் சந்தேகத்துக்கும் காரணம் உண்டு. துளியைப் பிரித்தெடுக்கும்போது நடப்பது நேர்மாறான காரியம். மைய விலக்கியில் சுற்றினால் மற்றதெல்லாம் அடியில் படியும், இது மட்டும் மேலே மிதக்கும். குழாயை வெளியே எடுத்தால் திரவத்தின் தலையில் அரை மில்லிமீட்டருக்கு வெள்ளைப் படலம். அதைப் பிப்பெட் நுனியால் எடுக்கப் போனால் பாதி குழாய்ச் சுவரில் அப்பிக்கொள்ளும், மீதி நுனியின் வெளிப்பக்கம் ஒட்டும். கூடவே எண்டோபிளாஸ்ம வலையின் துணுக்கும் ஏறி வரும். இந்தப் படலத்தில் எந்தப் புரதத்தைக் கண்டாலும் "கூட வந்த குப்பை" என்று சொல்வது எங்கள் தலைமுறையின் வழக்கம். பல வருடம் அப்படித் தள்ளிவிட்டோம்.

#22 கூட்டல்கழித்தல்

வெண்படலம் என்ற பெயர் இப்போதுதான் புரிகிறது.

#23 வெண்படலம்

ஆமாம், முதல் முறை அதை எடுக்கத் தெரியாமல் மேலிருந்து ஊற்றிக் கொட்டிவிட்டேன். அன்று வைத்த பெயர்.

இன்றைய நிலவரம். மருந்து கொடுத்த செல்லிலிருந்து வெள்ளைப் படலத்தையும் எண்டோபிளாஸ்ம வலைத் துணுக்குகளையும் தனித்தனியாக எடுத்து, கொழுப்பைப் பிரித்து, அதன் வகைகளைத் தனித்தனிப் பொட்டுகளாகக் காட்டும் சிலிக்கா தகட்டில் ஓட்டினேன். பெட்ரோலியம் ஈதர், டைஎத்தில் ஈதர், கொஞ்சம் அசெட்டிக் அமிலம். கீழிருந்து எர்கோஸ்டெரால், கொழுப்பு அமிலம், ட்ரைகிளிசரைடு எல்லாம் வரிசையாக வந்தன. ஆனால் உச்சியில் ஒரே தடித்த பொட்டு. ஸ்டெரைல் எஸ்டரா, ஸ்குவாலீனா?

#24 மேசைவிளக்கு

இரண்டும்தான். அந்தக் கரைப்பானில் இரண்டும் தலைக்கு ஓடிப்போய் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். அதே தகட்டைக் காயவைத்து, ஈதர் கலக்காத சுத்தப் பெட்ரோலியம் ஈதரில் இன்னொரு முறை ஓட்டுங்கள். ஸ்குவாலீன் முன்னால் போகும், எஸ்டர் பின்தங்கும். பக்கத்து வரியில் சுத்த ஸ்குவாலீன் ஒரு பொட்டு கட்டாயம் வையுங்கள்.

#25 வெண்படலம்

ஓட்டிவிட்டேன். பிரிந்தது!

வெள்ளைப் படல வரியில் மேலே ஸ்குவாலீன் தெளிவான பொட்டு, சுத்த ஸ்குவாலீனுக்கு நேர் எதிரே. அதற்குக் கீழே எஸ்டர். ஆனால் வலைத் துணுக்கு வரியிலும் ஸ்குவாலீன் இருக்கிறது, மெல்லியதாக, மறுக்க முடியாதபடி. அந்த வரியில் எஸ்டர் பொட்டு கிட்டத்தட்ட இல்லை, எனவே துளி கலந்து வந்ததால் தெரிகிறது என்று சொல்ல முடியாது என நினைக்கிறேன். சரிதானே?

#26 பழையகுடுவை

சரி. துளி கலந்திருந்தால் எஸ்டரும் கூடவே வந்திருக்கும். அந்தத் தகட்டைப் படம் எடுத்து வைத்துவிட்டீர்களா? அயோடின் ஆவியில் காட்டியிருந்தால் பொட்டு ஒரு மணி நேரத்தில் மங்கிவிடும்.

#27 வெண்படலம்

ஐயோ. இதோ ஓடுகிறேன்.